காலே படாத கால்பந்து

கால்பந்து என்றால் பந்தைக் காலால் உதைக்க வேண்டும். இது பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால், பந்தைத் தொடாமல், ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல், நாற்காலியில் அமர்ந்தபடியே ஆடுகின்ற கால்பந்து ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா, தோழியரே? இருக்கிறது. கணினியில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்திற்கு எங்கள் வீட்டிற்கு வந்த என் பெரியப்பா மகன், சென்னையில் பொறியியல் பயிலும் அண்ணன், தன் மடிக்கணினியில் அதைக் கொண்டுவந்தார். அதன் பெயர் ‘ஃபுட்பால் மேனேஜர்’.

பெயரைக் கேட்டதும், திரையில் குட்டி மனிதர்கள் ஓட, நாம் பொத்தானை அழுத்திக் கோல் அடிப்பதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வகை விளையாட்டு வேறு. இதில் நாம் ஆட்டக்காரர் அல்லர், மேலாளர். எந்த அணிக்குப் பொறுப்பேற்பது, யாரை ஆட வைப்பது, யாரை ஓரத்தில் உட்கார வைப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், இளம் பிள்ளைகளுக்கு யார் பயிற்சி தருவது என்று எல்லாம் நம் தலையில். ஆட்டம் தொடங்கியதும் நம் வேலை பார்ப்பதும், பதறுவதும், ஆள் மாற்றுவதும்தான். ஒரு தாய் சமையலறையில் செய்யும் வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று என் அம்மா சொன்னார். உள்ள அரிசியில் எத்தனை பேருக்கு எப்படிப் பரிமாறுவது என்பதே இரண்டிலும் கேள்வி!

இந்த வகை விளையாட்டிற்கு வயது நாற்பதிற்கு மேல். 1982-இல் கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர், வீட்டுக் கணினிகளுக்காக இதே பெயரில் ஒரு விளையாட்டைச் செய்து வெளியிட்டார். பிறகு 1992-இல் பால் காலியர், ஆலிவர் காலியர் என்னும் சகோதரர்கள் இருவர் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தனர். அவர்களுடைய நிறுவனமான ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், 2004 முதல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரில் இதை வெளியிட்டு வருகிறது. உலகெங்கும் உள்ள உண்மையான அணிகளும் உண்மையான வீரர்களும் அதற்குள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஆட்டங்களை நேரில் பார்த்து விவரம் திரட்டித் தரும் ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்கள் தரும் குறிப்பின்படி ஒவ்வொரு வீரருக்கும் வேகம், உறுதி, குழு உணர்வு, பந்தைக் கடத்தும் திறன் என்று பலவற்றிற்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் இடப்படுகிறது. 2008-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப், வீரர்களைத் தேடுவதற்கு இந்த விளையாட்டின் தகவல் தொகுப்பையே பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு எவ்வளவு என்று தோளில் சுமந்து திரிவது நமக்கு மட்டும் உரிய தலைவிதி அன்று என்று அறிந்து மகிழ்ந்தேன்!

தொடங்கியதும் முதல் கேள்வியே நம்மைப் பற்றியதுதான். உன் பெயர் என்ன? இதற்கு முன் எந்த அளவில் ஆடியிருக்கிறாய்? பயிற்சியாளர் சான்றிதழ் உண்டா? அடுத்தது, எந்த அணி?

“லிவர்பூல் எடு பாப்பா. இல்லைன்னா மான்செஸ்டர் சிட்டி. கண்ணை மூடிக்கிட்டு ஜெயிக்கலாம்” என்றார் அண்ணன்.

“சென்னை இருக்காண்ணா?” என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால், இருந்தது. இந்தியன் சூப்பர் லீக்கும் அதில் நம் சென்னையின் எஃப்.சி.யும் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பதற்குக் கணினி எதற்கு? மின்சாரமாவது மிச்சமாகும். அதுவுமன்றி, எனக்கு அந்த அணியின் மீது ஒரு பிடிப்பு உண்டு. அதன் காரணம் 2015.

அந்த ஆண்டு சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்ததைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பருவத்தின் நடுவில் சென்னையின் அணி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. இத்தாலியின் மார்கோ மாத்தெராட்சி அதன் பயிற்சியாளர். எல்லோரும் கைவிட்ட பிறகு அந்த அணி வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. நுழைந்த நேரத்தில் ஊரே தண்ணீரில்! சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20-இல் கோவாவில் இறுதி ஆட்டம். முடியச் சில நிமிடங்களே இருக்கையில் கோவா 2-1 என்று முன்னிலை. அதற்குப் பிறகு இரண்டு கோல்கள் விழுந்து 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. கடைசிக் கோலைக் கொலம்பியாவின் மென்டோசா அடித்தார். அந்தத் தொடரில் அவர் அடித்தவை 13. மீண்டும் 2018 மார்ச்சில் பெங்களூரில், பெங்களூர் அணியையே அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாம் முறை பட்டம் பெற்றது. இப்படிப்பட்ட அணி இருக்கையில் லிவர்பூல் எதற்கு?

தேர்ந்தாயிற்று. உடனே திரையில் ஒரு கடிதம் வந்தது. நிர்வாகக் குழு என்னை வரவேற்றது. வரவேற்ற மூச்சிலேயே தன் எதிர்பார்ப்புகளையும் அடுக்கியது. முதல் ஆறு இடங்களுக்குள் வந்து அடுத்த சுற்றுக்குச் செல்ல வேண்டும். சம்பளத்திற்கு ஒதுக்கிய பணத்தைத் தாண்டக் கூடாது. இளம் வீரர்களை வளர்க்க வேண்டும். இவற்றுள் எது கட்டாயம், எது விருப்பம் என்றும் பிரித்துக் காட்டியது. நம் மீது நிர்வாகத்திற்கு எவ்வளவு நம்பிக்கை என்று காட்ட ஒரு பக்கமே இருக்கிறது. தோற்கத் தோற்க அது தேய்பிறைபோல் தேயும்.

எதிர்பார்ப்பு நிர்வாகத்தினுடையது, ஆனால், குறிக்கோளை நானே வகுக்க வேண்டும் அல்லவா? இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ‘ஆறாம் இடம்’ என்பதை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது. ஆகவே, ஒரு நாற்பது பக்க நோட்டில் சிறிது சிறிதாக உடைத்து எழுதினேன். முதல் ஐந்து ஆட்டங்களில் ஏழு புள்ளிகள். சொந்த மைதானத்தில் தோற்கக் கூடாது. களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தாம் ஆடலாம் என்பது விதி. ஆகவே, மீதி ஏழு இந்தியர்களில் யார் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு வெளிநாட்டவரைப் பற்றி யோசிக்க வேண்டும். (பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் எளிய கருத்து.) அந்த லீக்கில் கடைசி இடம் வந்தாலும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் அப்போது இல்லை. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பது போல! அதனால் இளைஞர்களைத் துணிந்து இறக்கலாம் என்றும் குறித்துக்கொண்டேன்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் அல்லவா என்று ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா நற்செய்தியில் படித்திருக்கிறோம். அண்ணன் அதைப் படிக்கவில்லை போலும். அவர் தம் அணியில் முதல் வாரமே எல்லாப் பணத்தையும் ஒரே வீரருக்குக் கொடுத்துவிட்டு, வலப்பக்கத் தடுப்பு வீரருக்குக் கால் முறிந்தபோது பதிலுக்கு ஆளில்லாமல் தவித்தார். ஐரோப்பாவின் மாபெரும் மேலாளர் தைமாதமே வேலையை இழந்தார்!

என் அணி ஏழாம் இடம் பெற்றது. ஒரே ஒரு புள்ளி குறைவு. நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் எழுதியதே தவிர, வீட்டிற்கு அனுப்பவில்லை. அதே 2023-24 பருவத்தில் உண்மையான சென்னையின் அணி ஆறாம் இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போய்க் கோவாவிடம் 2-1 என்று தோற்றது. அதன் அப்போதைய பயிற்சியாளர் ஓவன் காயில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால், அந்தக் கணினிக்குள் நான் தேடிக் கிடைக்காதது ஒன்று உண்டு. ‘கே.இந்துமதி’ என்று தட்டிப் பார்த்தேன். இல்லை. ‘சேது’ என்று தட்டினேன். இல்லை. உலகின் மூலை முடுக்கிலுள்ள ஆண்கள் அணிகள் எல்லாம் இருந்த அந்தப் பதிப்பில் ஒரு பெண்கூட இல்லை. மேலாளர் பெண்ணாக இருக்கலாம். அதாவது நான் இருக்கலாம். ஆடுபவள் பெண்ணாக இருக்க வழியில்லை.

இந்துமதி கதிரேசன் யார் என்று கேட்கும் தோழியருக்காகச் சொல்கிறேன். நமக்கு அதிகத் தொலைவில்லாத கடலூரைச் சேர்ந்தவர். இந்திய மகளிர் அணிக்காக ஆடிய நடுக்கள வீராங்கனை. தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆவார். கொரோனா ஊரடங்கின்போது 2020-இல் பந்தை வைத்துவிட்டு முகக்கவசத்துடன் சாலையில் பணியில் நின்றவர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில், ஆண்டாண்டு காலமாகப் பட்டத்தைத் தன் வீட்டுப் பொருள்போல் வைத்திருந்த மணிப்பூரை நம் தமிழ்நாடு 2-1 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த அணியில் கடலூர்ப் பெண்கள் பலர். மதுரையில் 2016-இல் தொடங்கப்பட்ட சேது எஃப்.சி., மூன்றே ஆண்டுகளில், 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் சூடியது. இவ்வளவையும் நம் வகுப்பில் எத்தனை பேர் அறிவோம்? விராட் கோலியின் காலணி அளவு கேட்டால் சொல்லிவிடுவோம்!

பத்தாம் வகுப்பு வந்தது. பந்தும் கணினியும் பரணில் ஏறின. அந்த ஆண்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படித்தேன், எழுதினேன், தேறினேன்.

2025 ஜூன் மாதம், நான் மேல்நிலை முதலாண்டு சேர்ந்த இரண்டாம் வாரம், உடற்கல்வி ஆசிரியை என்னை அழைத்தார்கள். “குறுவட்டப் போட்டிக்கு இந்த வருஷம் கால்பந்து அணி அனுப்பலாம்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. நீதான் தலைவி. பதினாறு பேர் வேணும். பேர் எழுதிக் கொண்டா” என்றார்கள். எனக்குக் கைகள் குளிர்ந்தன. கணினியில் ஆளை மாற்றினால் அவர் முகம் வாடுவதை நாம் பார்க்க மாட்டோம். இங்கே முகம் வாடினால் அது மறுநாள் காலை வழிபாட்டில் என் பக்கத்து வரிசையில் நிற்கும்.

பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். வெயிலைப் பார்த்ததும் முதல் வாரத்திலேயே இருபத்து நான்காகக் குறைந்தார்கள். கிதியோனின் படை முப்பத்திரண்டாயிரத்திலிருந்து முந்நூறாகக் குறைந்ததை எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன். அதே நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். வேகம், மூச்சு, பந்தைக் கட்டுப்படுத்தல், தோழியைப் பார்த்துக் கொடுத்தல், தோற்கும்போது சோராமை என்று தலைப்புகள். ஒவ்வொருவருக்கும் இருபதுக்கு மதிப்பெண். கணினியிடம் கற்றது வீண்போகவில்லை என்றே சொல்வேன். யார் எனக்குப் பிடித்தவள் என்பதை மறந்து, யாரால் எது முடியும் என்று பார்க்க அந்தக் கட்டங்கள் உதவின. திருவள்ளுவரும் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே இதற்காக வைத்திருக்கிறார் அல்லவா?

ஆசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். பென்சிலால் கடைசியில் இன்னொரு கட்டம் வரைந்தார்கள். அதன் தலைப்பு: ‘எந்தப் பேருந்து?’

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஏனென்றால், என் நோட்டில் வேகத்திற்குப் பத்தொன்பது வாங்கிய ஒரே பெண், தண்டராம்பட்டுச் சாலையில் உள்ளே தள்ளி ஒரு சிற்றூரிலிருந்து வருபவள். மாலை ஐந்து பத்துப் பேருந்தை விட்டால் அடுத்ததற்கு இருட்டிவிடும். பயிற்சி முடிவதோ ஐந்தரைக்கு. பௌர்ணமி அன்று கேட்கவே வேண்டாம். கிரிவலக் கூட்டத்திற்காகப் பேருந்துகள் எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களோடு நின்றுவிடும். அவள் பையைச் சுமந்துகொண்டு அங்கே வரை நடக்க வேண்டும். இவற்றோடு அவள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவதா என்று அவள் அண்ணன் மறுத்துவிட்டான். “நான் வரலடி. எழுதாத” என்றாள் என்னிடம். பந்தைக் காலில் வாங்கிக்கொண்டு அவள் ஓடுவதை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல் அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று.

கணினியில் இதற்கெல்லாம் பொத்தான் இல்லை. ஒரு வீரர் கேட்கும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் வந்துவிடுவார். இவளுக்கு யார் எதைக் கூட்டிக் கொடுப்பது?

தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் போனோம். தோழியரே, அன்று எனக்கு நிர்வாகக் குழுவின் கடிதம் நேரில் கிடைத்தது! சிஸ்டர் மூன்று நிபந்தனைகள் சொன்னார்கள். இருட்டிய பிறகு எந்தப் பிள்ளையும் சாலையில் இருக்கக் கூடாது. காலாண்டுத் தேர்வில் யாருடைய மதிப்பெண்ணும் குறையக் கூடாது. நடுவரிடம் யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. கோப்பையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் தயங்கித் தயங்கி, “அப்படின்னா அவளால வர முடியாதே, சிஸ்டர்” என்றேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். “அவ காலையில எத்தனை மணிக்கு வர்றா?” என்றார்கள்.

யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை. அவள் பேருந்து காலை ஏழு இருபதுக்கே வந்துவிடும். அடுத்ததில் வந்தால் வழிபாட்டிற்குத் தாமதமாகும் என்பதால், தினமும் ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாளாம். எனவே பயிற்சியைக் காலை ஏழரைக்கு மாற்றினோம். ஊருக்குள்ளேயே இருக்கும் நாங்கள்தாம் இப்போது விடியலில் எழ வேண்டியிருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். இருவர் விலகியே விட்டார்கள். ஒருத்திக்காகப் பதினைந்து பேர் தூக்கத்தை விடுவது நியாயமா என்று கேட்டார்கள். எனக்கு நியாயமாகவே பட்டது. வெயில் ஏறுமுன் ஓடலாம் என்பது ஓர் ஊதியம். மலையின் நிழல் மைதானத்தின் மீது கிடக்கும் அந்த நேரத்தில் பந்து உதைப்பது இன்னோர் ஊதியம். உடை விஷயத்தில் முழுநீளக் காற்சட்டை அணியலாம் என்று முடிவாயிற்று. அவள் தந்தை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து சிஸ்டரைப் பார்த்துவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவள் வந்தாள்.

இனி எழுதக் கடினமான பகுதி. பதினாறாம் பெயருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ஒன்பதாம் வகுப்புச் சிறுமி. இடக்காலால் நன்றாக உதைப்பாள். எங்கள் அணியில் இடக்கால் வேறு யாருக்கும் இல்லை. மற்றவள் ஆறாம் வகுப்பு முதல் என் பக்கத்தில் அமர்ந்து என் டப்பாவில் உண்பவள். ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்கு வந்தவள். நோட்டுக் கட்டங்களைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று முறை கூட்டினேன். சிறுமியின் பெயரை எழுதினேன். பட்டியலை ஒட்டுமுன் என் தோழியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் “சரி” என்று மட்டும் சொன்னாள். பல வாரங்கள் வேறு வரிசையில் அமர்ந்து உண்டாள். இப்போது பேசுகிறோம். முன்போல் இல்லை. அந்தப் பெயரை மீண்டும் எழுதச் சொன்னாலும் நான் அதையே எழுதுவேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குறிக்கோள்களுக்கு வருகிறேன். 2023-இல் எங்கள் பள்ளி ஆடிய கடைசி ஆட்டத்தில் 0-7 என்று தோற்றிருந்தது. 2024-இல் அணியே போகவில்லை. ஆகவே, ‘கோப்பையை வெல்வோம்’ என்று சுவரில் எழுதலாம் என்று சிலர் சொன்னபோது ஆசிரியை மறுத்துவிட்டார்கள். நாங்கள் எழுதிக்கொண்டவை இவை: கடைசி நிமிடம் வரை பதினொரு பேரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று கோலுக்கு மேல் வாங்கக் கூடாது. நாம் ஒன்றாவது அடிக்க வேண்டும். இதைக் கேட்டு எதிர்வகுப்பு மாணவிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஏழு வாங்கியவர்களுக்கு மூன்று என்பது சிறிய எண் அன்று.

முதல் ஆட்டம் 1-0 என்று வென்றோம். தண்டராம்பட்டுச் சாலைக்காரி வலப்பக்கம் ஓடிக் கொடுத்த பந்து, எங்கள் நடுக்களப் பெண்ணின் முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. முழங்கால் என்றாலும் கோல் கோல்தானே! இரண்டாம் ஆட்டத்தில் 1-3 என்று தோற்றோம். மூன்றாவது கோல் விழுந்தபோது இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான்காவது விழவில்லை. வீட்டிற்குத் திரும்பும் வண்டியில் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். நடுவரிடம் யாரும் பேசவில்லை. வெளிச்சம் இருக்கையிலேயே எல்லோரும் வீடு சேர்ந்தோம். காலாண்டில் மட்டும் ஒருத்திக்குக் கணக்கில் ஒன்பது மதிப்பெண் குறைந்தது. சிஸ்டர் சொன்ன சொல் மாறாமல் அவளை இரண்டு வாரம் பயிற்சியிலிருந்து நிறுத்தினார்கள். அரையாண்டில் அவள் அதை மீட்டுவிட்டாள்.

இதே மாதங்களில் பெரியவர்களின் கால்பந்து என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 5-ஆம் நாள் நம் இந்திய மகளிர் அணி தாய்லாந்தின் சியாங் மாயில் அந்நாட்டையே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோல்களையும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தார். அதே ஜூலையில் ஆண்களின் இந்தியன் சூப்பர் லீக், ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் அணியும் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. கணினியில் ஒரு பருவம் முடிந்தால் மறு பருவம் தானாகத் தொடங்கும். தொடங்காமல் போகும் என்று ஒரு கடிதமும் எனக்கு அங்கே வந்ததில்லை. எங்கள் குறுவட்டப் போட்டி மட்டும் குறித்த நாளில் நடந்தது என்று அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

2025 கார்த்திகை தீபத்திற்கு அண்ணன் மீண்டும் வந்தார், புதிய பதிப்போடு. நவம்பர் 4-இல் வெளியான அதில், முதன்முறையாக மகளிர் கால்பந்தும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சேர்க்கப்போகிறோம் என்று 2021-இல் சொன்னவர்கள் செய்து முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்துப் பெண்கள், அமெரிக்கப் பெண்கள், எல்லோரும் இருபதுக்கு மதிப்பெண்ணோடு! இந்திய மகளிர் லீக்கைத் தேடினேன். ஆடத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அது இல்லை. “அடுத்த தடவை வரும் பாப்பா. இப்ப ஆர்சனல் எடு” என்றார் அண்ணன். எடுக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நோட்டில் வேறு கணக்கும் இருந்தது.

அந்தக் கணக்கு இதுதான். வரும் ஜூனில் எங்கள் அணியிலிருந்து ஐந்து பேர் பள்ளியை விட்டுப் போகிறார்கள். அவர்களுள் கோல் காப்பாளரும் ஒருவர். அடுத்த ஆண்டிற்கு ‘இரண்டு கோலுக்கு மேல் வாங்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறோம். ஆனால், அதைத் தடுக்கும் கைகள் யாருடையவை என்று இன்னும் தெரியவில்லை. எட்டு, ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் பெயர் கொடுக்கலாம். உயரம் அவசியமில்லை, விழுவதற்கு அஞ்சாதவளாக இருந்தால் போதும். எறிபந்து ஆடியிருந்தால் நல்லது. காலை ஏழரைக்கு மைதானத்திற்கு வரவேண்டும். வரும்போது உங்கள் பேருந்து எது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.